இடது பின்னங்கால்

கேக்கின் மேல் கிரீமால் ஒரு சைபர் போட்டிருந்தார்கள்.
இந்த மாதம் வந்த புகார்கள்: சைபர்.
தம்பரே நகரம், நவம்பர்,
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடியில்
எல்லோரும் கைதட்டினோம்.
சைபரில் ஒரு துண்டு எனக்கும் கிடைத்தது.

நான் பதில் எழுதுகிறவள்.
அதாவது
பதினான்கு பதில்களில் ஒன்றைப் பொறுக்கி அனுப்புகிறவள்.
"உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்பது நான்காம் எண்.
விசைப்பலகையில் அந்த நான்கு அழிந்தேவிட்டது.

ஆரம்பத்தில் எங்கள் விளையாட்டில் ஒன்றுமே கிடையாது.
உறைந்த ஏரி. அதில் ஒரு துளை. தூண்டில்.
பக்கத்தில் படுத்திருக்கும் ஒரு நாய்.
மீன் கடிக்கப் பதினோரு நிமிடம் ஆகும்,
சில நாள் கடிக்கவே கடிக்காது.
அதற்குத்தான் வந்தார்கள்
இரவுப் பணி முடிந்த நர்சுகள், லாரிக்காரர்கள்,
தூக்கம் வராத ஒரு பாதிரியார்.
முதலாளி ரைனே அப்போதெல்லாம்
பெட்டிமேல் முகவரியைத் தன் கையால் எழுதுவார்.
உள்ளே ஒரு உப்பு மிட்டாய் போடுவார்.

கெமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பென்த்தி ருவோகோலா
ஏழு வருடம், மாதத்தின் முதல் திங்கள்தோறும்
ஒரே விஷயத்தைத்தான் எழுதினார்:
"நாயின் இடது பின்னங்கால் பனிக்கட்டிக்குள் இறங்கியிருக்கிறது.
அதற்குக் குளிரும்."
நான்காம் எண்.
"இன்னும் இறங்கித்தான் இருக்கிறது."
நான்காம் எண்.
ஒருமுறை நல்ல கோபம்:
"உங்கள் வீட்டு நாய் என்றால் இப்படி விடுவீர்களா?"
ஒன்பதாம் எண்,
கண்ணியமான மொழியைக் கோருவது.

பிறகு ஹெல்சிங்கியிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள்.
பதினோரு நிமிடம் ஒரு மனிதன் சும்மா இருக்கிறான்,
இது ஓட்டை, பணம் ஒழுகுகிறது என்றார்கள்.
மீன் எட்டு நொடியில் கடித்தது.
ஏரி நடுவே கடை முளைத்தது.
தங்கத் தூண்டில், வெடிக்கும் தூண்டில்,
நாய்க்கு ஒரு சிவப்புக் கோட்டு, ஆறு யூரோ.

"கோட்டு வாங்கிப் போட்டுவிட்டேன்" என்று எழுதினார் பென்த்தி.
"கால் உள்ளேதான்."

திரையில் ஒரு படம் காட்டினார்கள்:
நம் வாடிக்கையாளர், வயது இருபத்து நான்கு,
வெள்ளைப் பல், நீலத் தொப்பி.
காசு கொடுத்து வாங்கிய புகைப்படம்.
அவனை ஒருவரும் பார்த்ததில்லை.
அவன் ஒரு கடிதமும் எழுதியதில்லை.
ரைனே அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்,
தூரத்துச் சொந்தக்காரனை
அடையாளம் காண முயல்வதுபோல.

கதவை ஓங்கி அறைகிறவன் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறான்.
இவர்களோ
காலணியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் மாட்டிக்கொண்டார்கள்.
செப்டம்பரில் பாதிரியார். அக்டோபரில் நர்சுகள்.
நவம்பரின் முதல் திங்கள்
நான் ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.
வரவில்லை.

கேக்குத் தட்டோடு தூக்காவின் மேசைக்குப் போனேன்.
நாயின் கால், என்றேன்.
எந்த நாய், என்றான்.
தேடினான். ஒரு தசமப் புள்ளி
ஓர் இடம் தள்ளி விழுந்திருந்தது.
நகர்த்தினான்.
அவன் காபி ஆறவில்லை.

அன்றிரவு பதினான்கையும் ஒதுக்கிவிட்டு நானே எழுதினேன்.
எழுத்துப் பிழைகூட இருந்திருக்கும்.
"ருவோகோலா அவர்களே,
கால் மேலே வந்துவிட்டது. நான்கும் பனிமேல் இருக்கின்றன.
இவ்வளவு காலம் ஆனதற்கு"
அதற்குமேல் ஓடவில்லை. அப்படியே அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது.
கோபம் இல்லை. பெயர்கூட இல்லை. ஒரே வரி:

"நல்லது. இப்போது நாயோடு யார் இருக்கிறார்கள்?"

ஒன்றிலிருந்து பதினான்குவரை
இரண்டு தடவை படித்துவிட்டேன்.
ஜன்னலுக்குக் கீழே ஆறு உறையாமல் ஓடுகிறது.
ஏரியைத் திறந்தேன். கடையின் விளக்குகள்,
எட்டு நொடிக்கு ஒருமுறை துள்ளும் மீன்,
சிவப்புக் கோட்டு.